மேலே கன் இருக்கிறது

நான் வேலை பார்த்த சுற்றுலாக் கம்பெனியிலிருந்து இந்த மழைக்காலத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். கால் மணி நேரம் போதுமாம். ஆயுள் முழுக்க மலையேறி இறங்கியவனுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கிய பெருந்தன்மையை மெச்சி, இருப்பதிலேயே நல்ல கைலியைக் கட்டிக்கொண்டு போனேன்.

அலுவலகம் ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில், ஆற்றங்கரைச் சந்தையை ஒட்டிய பழைய கட்டடத்தின் மேல்மாடி. மழை நாலு நாளாக விடவில்லை. பயிற்சி அறையின் கூரைப்பூச்சு நடுவில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே முதலாளியின் மகள் புரொஜெக்டரை வைத்திருந்தார். கரண்டு இல்லை, படம் ஓடாது. ஆனாலும் பயிற்சி என்றால் புரொஜெக்டர் இருந்தாக வேண்டும் அல்லவா?

அவர் தகப்பனைப் போல இல்லை, நேராகப் பேசுகிறவர். "வடக்கே வழி திறந்தால் முதல் குழுவோடு அனுப்ப ஒரே ஒரு ஆளுக்குத்தான் வேலை இருக்கிறது, சயா. யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று பர்மியில் சொன்னார். சயா என்றால் ஐயா, வாத்தியார் எல்லாம்தான். வடக்கே இப்போது யாரும் பனியைப் பார்க்கப் போவதில்லை. அங்கே சண்டை நடக்கிறது, போகிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் ஒரு நிஜமான வேலைக்கு வாய்ப்பு என்றதும் அறையில் இருந்த பிள்ளைகள் மூச்சு விடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் வீட்டில் வாடகை, வயதான பெற்றோர், வெளிநாடு போய்ப் பேச்சு மூச்சில்லாத அண்ணன்.

முன்வரிசைப் பையன் ஒருவன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். "சயா, இப்போது மொழிபெயர்க்க ஆளே தேவையில்லை. இதில் பேசினால் போதும், இதுவே சொல்லிவிடும்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றேன். பிறகு கன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வெளியூர்த் தமிழர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். பர்மியில் 'கன்' என்றால் ஏரி. ரங்கூன் நடுவே அன்னப்படகு மிதக்கிறதே, அந்தக் கந்தோஜி ஏரியின் பெயரில் இருப்பதும் இந்தக் கன்தான். அதே 'கன்'னுக்கு அதிர்ஷ்டம், விதி என்றும் பொருள். எழுத்தில் வேறு, காதில் ஒன்று. ரங்கூன் தமிழர்கள் நாங்கள் இரண்டாவதைத் தமிழுக்குள்ளேயே எடுத்துக்கொண்டுவிட்டோம். லாட்டரி விழாதவன் "எனக்குக் கன் இல்லப்பா" என்பான். பெண்ணுக்கு நல்ல வரன் வந்தால் "அவளுக்குக் கன் இருக்கு." ஏரியைப் பற்றிப் பேச எங்களுக்கு ஏரி என்ற சொல் இருக்கிறது. அதிர்ஷ்டத்தை மட்டும் கடன் வாங்கினோம், சொல்லாகத்தான் வந்தது.

என் பயிற்சிக்காலத்தைச் சொல்ல அதிகம் இல்லை. தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராகத் தொங்கினேன். வாய் பெரிது என்று ஒரு சுற்றுலா வண்டிக்காரர் கூட்டிப்போனார். சமைக்கக் கற்றேன், கூடாரம் அடிக்கக் கற்றேன், அரைகுறை ஆங்கிலம் கற்றேன். போப்பாவில் வருஷக்கணக்கில் குரங்கு விரட்டினேன். போப்பா பழைய எரிமலை. அது கடைசியாக எப்போது வெடித்தது என்று விருந்தினர்கள் கேட்பார்கள். "சமீபத்தில் என்று சொல்" என்பது முதலாளியின் உத்தரவு.

முதலாளி ஊ ஆங் ப்வின். ஏசி அறையில் கம்பளித் தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பார், மலைக் கம்பெனி என்று தெரிய வேண்டுமாம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மெல்லத்தான் பேசுவார். ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை. என்னையும் பெயருக்கு முன்னால் 'கோ' என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிடுவார். அவருக்குக் கெட்ட செய்தி என்று ஒன்று கிடையாது, கெட்ட மொழிபெயர்ப்புதான் உண்டு. "கோ ராஜு, மழை என்று சொல்லாதே, பசுமை என்று சொல். அட்டை என்று சொல்லாதே, காட்டுயிர் என்று சொல். வழி சரிந்துவிட்டால், காட்சி நன்றாகத் திறந்திருக்கிறது என்று சொல்." எந்த ஊர்க்காரர் எதைச் சொன்னாலும் அதைத் தேன் தடவித் தருவதுதான் வழிகாட்டியின் தொழில் என்று எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். நாங்களும் தடவினோம். சம்பளம் அதற்குத்தானே?

அவருடைய தலைசிறந்த படைப்பு ஒரு விளம்பரத்தாள். 'பழைய எரிமலையின் மேல் பனியாறுகளும் ஏரிகளும் காண ஒரு மலைநடை.' மலை போப்பா. அதன் தலையில் வடகோடிப் பனிச்சிகரம் ஒன்றை ஒட்டவைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே பாதி நாடு கிடக்கிறது என்பதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அடிவாரத்தில் ஓர் ஏரி.

இந்தத் தாள் எப்படியோ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது. அங்கே சரஸ்வதி டீச்சர் என்று ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. இமயமலைப் பக்கமெல்லாம் நடந்தவர். ரங்கூன் விமான நிலையத்தில் என்னிடம் முதலில் காட்டியதே அந்தத் தாளைத்தான்.

"ஏனுங்க ராஜு, எரிமலை ஒரு கோடில இருக்குதுங்க, பனி இன்னொரு கோடில இருக்குதுங்க. ஏரிக்குள்ள அன்னப்படகு நிக்குதுங்களே, அது எந்தப் பனியாத்துல இருந்து வந்துச்சுங்க?"

"டீச்சர், தெரிஞ்சே வந்தீங்களா?"

"எரிமலை பொய்யின்னா என்னங்க, பனி நெசந்தானுங்களே. ஆனா உங்க முதலாளி கூட வந்து எனக்கு அந்த எரிமலையை ஒருக்கா கை காட்டோணும். அதையும் எழுதிப் போட்டுட்டேனுங்க."

ஊ ஆங் ப்வினுக்கு மறுக்கத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக வடக்கே கிளம்பினார். மடக்கு நாற்காலி ஒன்று, அதைச் சுமக்கத் தனி ஆள். முதலில் போப்பாவைக் காட்டினோம். பிறகு விமானம் ஏறி வடகோடியில் இறங்கியதும் பனிமலையைக் காட்டி, "அதே மலைதான், வேறு பக்கம்" என்றார். நான் அதைத் தமிழில் அப்படியே சொன்னேன். டீச்சர் கையில் திசைகாட்டியும் வரைபடமும் இருந்தன. சிரித்துவிட்டு, அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அதை வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். எங்கள் பொய்யின் புண்ணியத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது என்றால் அது அதுதான்.

சமையலுக்கு என் மச்சான் மாணிக்கம். என் மனைவி காமாட்சியின் ஒரே தம்பி. ஆற்றுக்கு அக்கரையில் டாலா பக்கம் சைக்கார், அதாவது சைக்கிள் ரிக்ஷா, மிதித்துக்கொண்டிருந்தவன். லாரி இடித்து ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். வேலை இல்லாமல் இருக்கிறான், கூட்டிப்போங்கள் என்று அவள்தான் சொன்னாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "அவன முழுசாக் கொண்டாந்து சேர்க்கணும். அவன் இல்லாம நீங்க மட்டும் வர்றதாயிருந்தா, படகேறி டாலாவுக்கே போயிடுங்க, இங்க வராதீங்க" என்றாள். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல.

நாள் கணக்காக நடந்து, பனிக்குக் கீழே கடைசி முகாமுக்கு வந்தோம். ஓர் ஓடை. இந்தக் கரையில் கூழாங்கல் திடல், அந்தக் கரையில் செங்குத்தான ஒற்றையடிப்பாதை. பாதையில் ஏறிக் கணவாயைத் தாண்டினால் அடுத்த பள்ளத்தாக்கில் பனியாறும் அதன் ஏரியும். ஓடை வருவது அங்கிருந்து அல்ல. இடதுபக்கம் ஒரு குறுகலான மலையிடுக்கிலிருந்து. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமை மேட்டில் போடுவதுதான் என் வழக்கம். ஊ ஆங் ப்வினுக்குத் திடல் பிடித்துவிட்டது. நாற்காலியைத் தண்ணீரோரம் போட்டு, கடற்கரை முகாம் என்று அடுத்த விளம்பரத்துக்குப் பெயரும் வைத்துவிட்டார். சம்பளம் தருகிறவர் சொல்கிறார், கூடாரத்தை அங்கேயே அடித்தேன். சாயங்காலம் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சி நடுவேன். காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பது. தண்ணீர் குச்சிக்கு மேலே ஏறியிருந்தால் முகாமைக் கலைக்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால் தேநீர் குடிக்கலாம். ஏறினால் ஆபத்து என்றுதான் எல்லாரும் கற்றுக்கொடுப்பார்கள். இறங்கினால் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் குச்சி ஈரமண்ணில் தன்னந்தனியாக நின்றது. தண்ணீர் எங்கோ கீழே, கற்களுக்கு நடுவே ஒழுகிக்கொண்டிருந்தது. ராத்திரி மேலே குளிர் அதிகம், பனி உருகியிருக்காது என்று நினைத்தேன். ஊ ஆங் ப்வின் செருப்பு நனையாமல் ஓடையைக் கடந்தார். "பார்த்தாயா கோ ராஜு, நான் வந்தால் இப்படித்தான்" என்றார். மாணிக்கமும் நாற்காலிச் சுமையாளும் திடலிலேயே தங்கினார்கள். முதலாளி திரும்பும்போது கோழிக்கறி தயாராக இருக்க வேண்டுமே.

நாங்கள் பாதையில் நல்ல உயரம் ஏறிய பிறகு எதிரே ஒரு வேட்டைக்காரர் வந்தார். அந்தப் பக்கத்து மலைச்சாதிக்காரர். பர்மி அவருக்கு இரவல் மொழி. மூச்சிரைக்க ஓடிவந்தவர் கையை நீட்டி, "அபோமா கன் ஷீதெ, கன் ஷீதெ" என்றார். மேலே கன் இருக்கிறது.

ஊ ஆங் ப்வின் முகம் மலர்ந்தது. மேலே அதிர்ஷ்டம் இருக்கிறது! காட்டுமனிதன் வாயால் வந்த நல்வாக்கு! தன் பையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கஞ்சரிடமிருந்து பிஸ்கட் வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். நான் அதைவிடப் புத்திசாலி. இவர் சொல்வது ஏரி, நாம் பார்க்கப் போகிற ஏரி, அது மேலே இருப்பது நமக்குத் தெரியாதா என்று எண்ணி, "யபாதெ, யபாதெ" என்றேன். பரவாயில்லை, தெரியும் என்று. அவர் பிஸ்கட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அழுதுவிடுவார் போல இருந்தது.

டீச்சருக்கு ஒரு வார்த்தை பர்மி தெரியாது. அதனால் அவர் எதையும் கேட்கவில்லை. பார்த்தார்.

"ஏனுங்க ராஜு, என்ன சொல்றாருங்க?"

"மேல ஏரி இருக்காம் டீச்சர்."

"நம்ம ஏரி வலது பக்கங் கணவாய்க்கு அந்தாண்டதானுங்க? இவரு கை இடது பக்கமல்ல காட்டுது? அந்த இடுக்குல வரைபடத்துல ஏரியே இல்லீங்களே."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். உண்மைதான். கை கணவாயைக் காட்டவில்லை. ஓடை வரும் இடுக்கைக் காட்டியது. அவரிடம் மறுபடி கேட்டேன், வாயால் அல்ல, கையால். அவர் ஒரு கையை மலையாக நிறுத்தி, மறுகையில் அதைச் சரித்தார். சரிந்ததற்குப் பின்னால் தண்ணீர் ஏறுவதைக் காட்டினார். ஏறி, ஏறி, அவர் தாடைவரை வந்தது.

மலை சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. நேற்றுவரை இல்லாத ஏரி ஒன்று அங்கே நின்றுகொண்டிருக்கிறது. அது நிற்கும்வரை கீழே தண்ணீர் வற்றும், செருப்பு நனையாது. மண் விட்டுக்கொடுத்தால் மொத்தமும் திடலுக்கு வரும். திடலில் மாணிக்கம் கோழி வதக்கிக்கொண்டிருக்கிறான்.

ஊ ஆங் ப்வின் என் கையைப் பிடித்தார். அப்போதும் கோபமில்லை, அதே மெல்லிய குரல். "விருந்தினரைப் பயமுறுத்தாதே. ஏதாவது நல்லவிதமாகச் சொல்."

"என் மச்சானுக்கு இதை எப்படி நல்லவிதமாகச் சொல்வது, சயா?" என்று கையை உதறினேன். அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அது ஒருமுறைதான்.

"போங்க ராஜு. நா இந்தப் பாறையை உட்டு நகர மாட்டேன்" என்றார் டீச்சர்.

ஓடினேன். வேட்டைக்காரரும் என் முன்னால் ஓடினார். கால் இடறும்போதெல்லாம் வாசலில் நின்ற காமாட்சியின் முகம்தான் தெரிந்தது. பாதையின் கடைசித் திருப்பத்தில் திடல் கண்ணில் பட்டது. நாற்காலிச் சுமையாள் அந்த நாற்காலியில் சாய்ந்து ராஜாவாக உட்கார்ந்திருந்தான். மாணிக்கம் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மாணிக்கம்! கன் வருது! கன் வருதுடா! மேல ஏறு!"

பர்மியில் சொன்னதைக் கேட்டு ஓடி வந்த வாயில் பர்மிச் சொல்தான் நின்றது. மாணிக்கம் கரண்டியைத் தூக்கி ஆட்டினான். பல்லெல்லாம் தெரிந்தது.

"வரட்டும் மச்சான்! நல்லதுதானே! எம்புட்டு விழுந்திருக்கு?"

லாட்டரி! ரங்கூனில் ஒரே சாக்கடைத் தெருவில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் கன் என்றால் அது ஒன்றுதான். கிளம்பும் முன்னால் பங்குபோட்டுச் சீட்டு வாங்கியிருந்தோம். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. மூடியைத் திறந்து உப்புப் பார்த்தான்.

"டேய், வெள்ளம்! வெள்ளம்டா! ஓடு!"

அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. கரண்டி விழுந்தது. வேட்டைக்காரர் அதற்குள் ஓடையைக் கடந்து அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். சுமையாள் முன்னால், இழுக்கும் காலோடு இவன் நடுவில், நானும் போய் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கரை மேட்டில் புல்லைப் பிடித்து ஏறினோம். முதலில் மணம்தான் வந்தது, புதிதாக வெட்டிய கிணற்றின் மண் மணம். பிறகு இடுக்கு உறுமியது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மரமும் பாறையும் சேறுமாக ஒரு சுவர் வந்து, திடல் இருந்த இடத்தில் திடல் இல்லை. கோழிக்கறி போயிற்று, கூடாரம் போயிற்று. மடக்கு நாற்காலி மட்டும் விரித்தபடியே கொஞ்ச தூரம் மிதந்து போனது.

மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை. அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "அப்ப லாட்டரி விழலியா மச்சான்?"

நடந்ததை அவனிடம் சொன்னேன். "அந்தக் கன்னும் வேணாம், இந்தக் கன்னும் வேணாம் மச்சான். அந்த டீச்சரம்மாவுக்குக் கண்ணு இருந்துச்சே" என்றான். இப்போதும் லாட்டரி வாங்குவதை அவன் விடவில்லை.

வெள்ளம் வடிந்து நாங்கள் மறுபடி ஏறிப் போனபோது, டீச்சர் பாறையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். ஊ ஆங் ப்வினை நடுவழியில் விட்டு வந்தோமே, அவரும் பக்கத்தில் இருந்தார். ரங்கூன் திரும்பியதும் புது விளம்பரம் அடித்தார்: 'ஏரி பிறப்பதை நேரில் காணுங்கள்.' வேட்டைக்காரர் தன் பொறிகளையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, முன்பின் தெரியாத எங்களைக் காப்பாற்ற ஓடிவந்தவர். அவருக்கு ஒரு டப்பா பிஸ்கட்டோடு கணக்கு முடிந்தது. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

கதை முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். கால் மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. முன்வரிசைப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "அது அந்தக் காலம், சயா. இப்போது இது தப்புச் செய்யாது."

"சரி, எல்லாரும் எடுங்கள், நான் பர்மியில் சொல்வதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கட்டும்" என்றேன். எல்லாக் கைப்பேசியும் என் பக்கம் நீண்டன. நான் கையைத் தூக்கிச் சொன்னேன்: "அபோமா கன் ஷீதெ."

அத்தனை தலைகளும் குனிந்தன. மேலே அதிர்ஷ்டம் இருக்கிறது என்று ஒன்று சொன்னது. உயரத்தில் யோகம் என்றது இன்னொன்று. ஊ ஆங் ப்வின் அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அதற்குள் சிலர் எது சரி என்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள்.

பின்வரிசையில் சுகந்தி என்று ஒரு பெண். தமிழ் புரியும், பேசச் சொன்னால் பர்மியில்தான் வரும். அவள் கைப்பேசியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். கை காட்டிய இடத்தைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து வந்து, முதலாளி மகளை நாற்காலியோடு பின்னால் இழுத்து, புரொஜெக்டரை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். "அங்கிள், தண்ணி" என்று தமிழிலேயே சொன்னாள்.

கூரைப்பூச்சு ஒரு பாளமாக மேசைமேல் விழுந்தது. பின்னாலேயே நாலு நாள் மழையும் கொட்டியது.

முதலாளி மகள் முகத்தில் தெறித்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு, யாரை அனுப்பலாம் என்று என்னிடம் கேட்கவே இல்லை. நான்தான் விடாமல் சொன்னேன்: "இந்தப் பெண்ணை மலைக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் விளம்பரம் எழுதட்டும்."